மஞ்சு எழுத வேண்டிய பரீட்சை

கருவேலங்குளம்
18.12.2023

அப்பாவுக்கு,

ஜெயிலில் இருப்பவரிடம் நலமா என்று எப்படிக் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை, அதனால் கேட்காமலே தொடங்குகிறேன். அம்மா மனுப் போட்டு உங்களைப் பார்க்க வந்தபோது நான் ஏன் வரவில்லை என்று கேட்டீர்களாம். பரீட்சை என்று அம்மா சொல்லியிருக்கும். அன்று பரீட்சை எதுவும் இல்லை. உங்களைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

ஸ்டேஷனில் என்னிடம் வாக்குமூலம் வாங்கினார்கள். ஏட்டையா மஞ்சுவைப் பற்றி 'மூளை வளர்ச்சி இல்லாத பெண்' என்று எழுதினார். நான் திருத்தச் சொன்னேன். இது மூளை முடக்குவாதம், காலும் வலது கையும் இழுத்துக்கொள்ளும், பேச்சு குழறும், அறிவுக்கு ஒன்றும் இல்லை என்றேன். அப்புறம் ஏன் மூத்தவள் தங்கச்சியோடு பத்தாவதில் உட்கார்ந்திருக்கிறாள் என்று கேட்டார். அவளைச் சேர்த்துக்கொள்ளும் பள்ளியைத் தேடியே இரண்டு வருஷம் போய்விட்டது என்றேன். "நல்லா பேசுறியே, வக்கீலுக்குப் படி" என்று சொல்லிவிட்டு, எழுதியதை அடிக்காமலே அடுத்த வரிக்குப் போனார்.

அங்கே கேட்காததை உங்களுக்கு எழுதுகிறேன். அந்தச் சம்பவம் நடந்த நாளில் மேலிடத்திலிருந்து ஆள் வந்து பத்தாம் வகுப்புக்குப் பரீட்சை வைத்தார்கள். எல்லாருடைய மார்க்கையும் கூட்டிப் பள்ளியின் தரத்தைச் சொல்லும் பரீட்சை அது. முதல் நாள் ஹெட்மாஸ்டர் செல்லதுரை சார் என்னைக் கூப்பிட்டு, "நாளைக்கு அக்காவ வூட்டுலயே வுட்டுட்டு வா" என்றார். மஞ்சுவிடம் சொன்னேன். மறுநாள் காலை அவள் எனக்கு முன்பே யூனிஃபார்ம் போட்டு வாக்கரைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றாள்.

பள்ளியில் அவளை விளையாட்டுச் சாமான் அறையில் உட்கார வைத்தார்கள். பியூன் வெளியே பூட்டினார். அந்த அறையில் ஜன்னல் கிடையாது. கேள்வித்தாள் கொடுத்த மணிச் சத்தம் அவளுக்குக் கேட்டிருக்கிறது. இரும்பு அலமாரியைப் பிடித்து எழுந்திருக்கிறாள். அலமாரி அவள் மேல் சாய்ந்தது. மேல் தட்டில் இருந்த, குண்டு எறிதலுக்கான இரும்புக் குண்டு வாயில் விழுந்தது. முன்பல் இரண்டும் போய் உதடு மேலிருந்து கீழ்வரை கிழிந்துவிட்டது. சத்தம் கேட்டு வந்த அதிகாரி என்ன என்று கேட்டார். பக்கத்தில் கட்டட வேலை நடக்கிறது என்றார் சார். நான் தாளை விட்டுவிட்டு ஓடினேன்.

பிறகு சேதி கேட்டு நீங்கள் வந்தீர்கள். குவாரியிலிருந்து டிப்பரை அப்படியே ஓட்டி வந்து கொடிக்கம்பத்துக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டு ஜாக்கி ராடோடு இறங்கினீர்கள். முதல் அடி சாரின் முழங்கையில். எலும்பு முறிந்த சத்தம் வராந்தா வரை கேட்டது. அடுத்தது தோளில். அவர் மேசைக்கு அடியில் போனார். காலைப் பிடித்து இழுத்து வெளியே போட்டு மறுபடியும் அடித்தீர்கள். ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி பார்த்தார்கள். ஒரு பிள்ளை ஒன்றுக்குப் போய்விட்டது.

நான் உங்கள் முகத்தைப் பார்த்தேன் அப்பா. டயர் மாட்டி முடித்து நட்டை இறுக்கும்போது உங்கள் முகத்தில் ஒரு நிம்மதி வரும். அதுதான் இருந்தது.

நீங்கள் அடித்து முடிக்கும்வரை மஞ்சு என் மடியில் ரத்தத்தைத் துப்பிக்கொண்டு கிடந்தாள். அவளைத் தூக்க இன்னொரு ஆள் வேண்டியிருந்தது. எல்லாரும் உங்களைப் பிடிக்கப் போய்விட்டார்கள்.

வெற்றிச்செல்வி


ஜெயில்
27.12.2023

செல்வி பாப்பாவுக்கு,

உன் கடிதம் பிரித்துப் படித்த பிறகுதான் என் கைக்கு வந்தது. இங்கே அப்படித்தான். ஆபீஸில் படித்தவர் என்னைப் பார்த்து உன் பொண்ணு நல்லா எழுதுது என்றார். நல்லாத்தான் எழுதியிருக்கிறாய். அப்பன் அடித்ததை இவ்வளவு அழகாக எழுத உனக்கு எப்படிக் கை வந்தது.

என் பிள்ளை வாயில் ரத்தத்தைப் பார்த்தேன். அதற்கப்புறம் எனக்கு வேறு எதுவும் தெரியவில்லை. அந்த ஆள் இன்னும் உயிரோடு இருக்கிறான் என்பதுதான் எனக்குக் குறை. ஏழு வருஷமாக அந்தப் பள்ளிக்கூடத்து வாசலில் கை கட்டி நின்றிருக்கிறேன். சார், கொஞ்சம் முன்னால உக்கார வைங்க. சார், கக்கூஸ் பக்கம் ஒரு கம்பி வச்சுக் குடுங்க. என்ன செய்தான்? அரியமுத்து யார் என்று இப்போது அவன் முழங்கைக்குத் தெரியும். வாயால் சொன்னது ஏறாத இடத்தில் ராடு ஏறும்.

தையல் பிரித்துவிட்டார்களா? மஞ்சு கஞ்சி குடிக்கிறாளா? அதை எழுதாமல் ஊர்க் கதை எல்லாம் எழுதியிருக்கிறாய்.

கொலை முயற்சி என்று கேஸ் போட்டிருக்கிறார்கள். ஜாமீன் மனு தள்ளுபடி. அம்மாவைத் திருப்பித் திருப்பிக் கோர்ட்டுக்கு அலையவிடாதே.

அப்பா


கருவேலங்குளம்
08.01.2024

அப்பாவுக்கு,

தையல் பிரித்தாயிற்று. ஆனால் உதடு சரியாகக் கூடவில்லை, சத்தமாகப் பேசினால் கசிகிறது. கஞ்சியும் ரசம் சோறும் சாப்பிடுகிறாள்.

ராடு ஏறும் என்று எழுதியிருந்தீர்கள். அது இங்கேயும் வந்து சேர்ந்தது.

போன மாதக் கடைசிச் சனிக்கிழமை மத்தியானம் பெரம்பலூரிலிருந்து மூன்று பேர் இரண்டு வண்டியில் வந்தார்கள். ஒருவன் செல்லதுரை சாரின் அக்கா மகன் மணிவண்ணன். அம்மா பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தது. அரியமுத்து வீடு எது என்று அம்மாவிடமே கேட்டார்கள். இதுதான் என்று அம்மா சொன்னதும் மணிவண்ணன் கையில் இருந்த ஹெல்மெட்டால் அம்மாவின் காதுக்கு மேலே அடித்தான். அம்மா பாத்திரத்தின் மேலேயே விழுந்தது. இன்னும் இடது காது சரியாகக் கேட்கவில்லை. மற்ற இருவரும் மஞ்சுவின் வாக்கரை வாசலில் போட்டு அம்மிக்கல்லால் அடித்து மடக்கினார்கள். புத்தகத்தையெல்லாம் கிழித்தார்கள். நூலகத்தில் எடுத்திருந்த பறவைகள் புத்தகத்தையும் கிழித்துவிட்டார்கள். சோற்றுப் பருக்கை வைத்து ஒட்டிக்கொண்டிருக்கிறேன்.

தெருவில் ஆட்கள் இருந்தார்கள். கதவைச் சாத்திக்கொண்டார்கள். அதைக் குற்றமாகச் சொல்லவில்லை, பார்த்ததைச் சொல்கிறேன்.

மஞ்சு தரையில் உட்கார்ந்திருந்தாள். மணிவண்ணன் குனிந்து, "இதுக்காகத்தான் எங்க மாமா கை போச்சா" என்று அவள் தலைமயிரைப் பிடித்துத் தூக்கினான். அவள் அவன் கையைக் கடித்தாள். முன்பல் இல்லாமல் கடைவாயால் கடித்தாள். அவன் குத்தினான், உதைத்தான், அவள் விடவில்லை. கடைசியில் கையை உருவிக்கொண்டபோது சதை தொங்கியது. அவள் துப்பிவிட்டு என்னைப் பார்த்தாள். அவளுக்கு அவ்வளவு கோபம் இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

இப்போது கேளுங்கள். அதைப் பள்ளியில் பிடித்துக்கொண்டார்கள். கடிக்கிற பெண்ணைப் பரீட்சை ஹாலில் உட்கார வைக்க முடியாதாம். டி.சி. வாங்கிக்கொண்டு அடுத்த வருஷம் தனித்தேர்வராக எழுதட்டும் என்று ஹெட்மாஸ்டர் ஆஸ்பத்திரியிலிருந்து சொல்லி அனுப்பியிருக்கிறார். தனித்தேர்வர் தோற்றால் அது எந்தப் பள்ளியின் கணக்கிலும் வராது. போன வருஷம் ஒரு பையன் தோற்றதில் நம் பள்ளிக்கு நூறு சதவீதம் போய்விட்டது. இந்த வருஷம் நூறு வேண்டும். மஞ்சு இல்லாவிட்டால் வரும் என்று நினைக்கிறார்கள்.

ஆனால் பரீட்சை எழுதுவோர் பட்டியலில் அவள் பெயர் இன்னும் இருக்கிறது. அரியலூரில் போய் விசாரித்தேன். அவளுக்கு ஒரு மணி நேரம் கூடுதல் உண்டு, சொல்லச் சொல்ல எழுத ஓர் ஆசிரியரைத் தருவார்கள். அதற்கு ஹெட்மாஸ்டர் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். அவ்வளவுதான்.

நீங்கள் அடிக்காமல் இருந்திருந்தால் இன்றைக்கு அவர் நமக்குப் பயந்திருப்பார். இப்போது நாம் அவருக்குப் பயப்படுகிறோம்.

வெற்றிச்செல்வி


ஜெயில்
17.01.2024

செல்வி,

மணிவண்ணன். பெயரை மனதில் போட்டு வைத்திருக்கிறேன். வேறு எதுவும் இந்தத் தாளில் எழுத முடியாது. உனக்குப் புரியும்.

கதவுக்குப் பின்னால் கொடுவாளைச் சாத்தி வை. அம்மாவைக் காதைக் காட்டச் சொல். நீ பயப்படாதே. பயந்தால் மேலும் அடிப்பார்கள்.

போன் பேச இனி அனுமதி இல்லை. இங்கே ஒருத்தன் சாப்பாட்டு வரிசையில் என்னைப் பார்த்து, 'நொண்டிக் குட்டிக்காக உள்ள வந்தவரு' என்று மற்றவர்களிடம் காட்டிச் சிரித்தான். தட்டால் மூக்கில் போட்டேன். மூக்கு உடைந்துவிட்டது. அவனுடைய ஆள்கள் நான்கு பேர் குளிக்கிற இடத்தில் என்னைப் பிடித்தார்கள். விலாவில் வலி, மூச்சு இழுத்தால் குத்துகிறது. அம்மாவிடம் சொல்லாதே. இதனால் ஜாமீனும் இன்னும் இழுக்கும் என்று வக்கீல் சொல்கிறார்.

பொங்கலுக்கு இங்கே கரும்பு கொடுத்தார்கள். கடிக்க முடியவில்லை. மஞ்சு கடித்ததை நினைத்துக்கொண்டேன். என் பிள்ளைதான்.

அப்பா


கருவேலங்குளம்
29.01.2024

அப்பாவுக்கு,

உங்கள் விலா எப்படி இருக்கிறது? அம்மாவிடம் சொல்லவில்லை. அம்மா கொடுவாளை எடுத்துப் பரணில் போட்டுவிட்டது. "இத வச்சா நாமதான் இதுல சாவோம்" என்றது.

நேற்று நானும் அம்மாவும் பெரம்பலூரில் செல்லதுரை சார் வீட்டுக்குப் போனோம். நம் வக்கீல்தான் போய்ப் பேசுங்கள் என்றார். வாசலில் மணிவண்ணன் கையில் கட்டோடு உட்கார்ந்திருந்தான். அம்மா அவனைத் தாண்டி உள்ளே போனபோது இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. சாரின் கையில் தகடு வைத்திருக்கிறார்கள். தோள் ஒரு பக்கம் இறங்கியிருக்கிறது. தலைமுடி வெளுத்துவிட்டது. டை அடிக்க முடியாததாலும் இருக்கலாம்.

அம்மாதான் முதலில் பேசியது. பிள்ளைகள் முகத்துக்காக மன்னிக்கச் சொன்னது. அவர் அம்மாவைப் பார்க்காமல் என்னிடம் பேசினார். போன வருஷ ரிசல்ட் வந்த பிறகு ஒரு மீட்டிங்கில், தேர்ச்சி குறைந்த பள்ளி ஹெட்மாஸ்டர்களை எழுந்து நிற்கச் சொன்னார்களாம். மீட்டிங் முடியும்வரை உட்காரச் சொல்லவில்லையாம். அவருக்குச் சர்க்கரை. பக்கத்தில் நின்றவர் இவருடைய பழைய மாணவர். "அவன் முன்னாடி நின்னேன்மா. எனக்கு யாரு கம்பி வச்சுக் குடுத்தா?" என்றார்.

நீங்கள் கம்பி கேட்டது அவருக்கு நினைவிருக்கிறது என்பதை இதிலிருந்து தெரிந்துகொண்டேன்.

அவர் சொல்லும் ராஜி இதுதான். மஞ்சுவுக்கு நாம் டி.சி. வாங்கிக்கொள்ள வேண்டும். வாங்கினால் அவர் உங்கள் ஜாமீனுக்கு எதிர்ப்புச் சொல்ல மாட்டார். கேஸிலும் ராடு என்பதை மாற்றி, தள்ளுமுள்ளுவில் விழுந்ததாகச் சொல்வார். வாங்காவிட்டால் கடைசிவரை நடத்துவார்.

அப்புறம் என்னிடம், "நீ முதல் மார்க் வாங்குற பொண்ணு. உண்மைய சொல்லு. அது பாஸாவுமா?" என்றார்.

மஞ்சு வகுப்பில் பேசுவதையெல்லாம் நான்தான் டீச்சர்களுக்குச் சொல்வேன். அவள் பாதி சொல்லும்போதே நான் முழுதாகச் சொல்லிவிடுவேன். அதனால் அவளுக்கு எவ்வளவு தெரியும் என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை. தெரியாது சார் என்றேன். அவர் சிரித்தார். நான் சொல்லிவிட்டேன்: "பாஸாவுறவங்க மட்டும்தான் எழுதணும்னா அப்பறம் பரீட்சை எதுக்கு சார்?"

மணிவண்ணன் வாசலிலிருந்து எழுந்தான். சாரின் மனைவி அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார்.

பஸ்ஸில் அரியலூர் வந்து இறங்கியதும், "ஒங்கப்பாவக் கேட்டு எழுது. அது சொல்றதுதான்" என்றது. டிப்பருக்கு வேறு டிரைவர் போட்டுவிட்டார்கள். அம்மா கொத்து வேலைக்குப் போகிறது. நீங்கள் வெளியே வர வேண்டும் என்று எனக்கும் ஆசைதான் அப்பா. சீக்கிரம் பதில் எழுதுங்கள்.

ஒரு விஷயம். இப்போதெல்லாம் மஞ்சு பேசும்போது நான் வாயைத் திறப்பதில்லை. அவளே அம்மாவோடு ரேஷன் கடைக்குப் போய் என்ன வேண்டும் என்று சொல்கிறாள். கடைக்காரர் திட்டுகிறார். திட்டிவிட்டு மறுபடி கேட்கிறார். நான் தெருமுனையில் நின்று பார்க்கிறேன்.

வெற்றிச்செல்வி


ஜெயில்
06.02.2024

செல்வி பாப்பாவுக்கு,

கையெழுத்துப் போடச் சொல் அம்மாவை.

யோசித்துத்தான் எழுதுகிறேன். விலாவில் இரண்டு எலும்பு விரிசல் விட்டிருக்கிறது என்று இங்கே டாக்டர் சொன்னார். அந்த நான்கு பேரும் இதே பிளாக்கில் இருக்கிறார்கள். குளிக்கப் போகும்போது சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு போகிறேன். நான் யாருக்கும் பயந்தவன் இல்லை, உனக்குத் தெரியும். ஆனால் இங்கே நான் செத்தால் உங்களுக்கு யார்?

மஞ்சு பரீட்சை எழுதி என்ன ஆகப்போகிறது பாப்பா. நீ படிப்பாய், உத்தியோகம் பார்ப்பாய். மஞ்சுவை நாம் காலத்துக்கும் வைத்துக் காப்பாற்றுவோம். அது என் பொறுப்பு. அது பாஸாகும் என்று நான் ஒரு நாளும் நினைத்ததில்லை. பள்ளிக்கூடத்துக்குப் போனால் நாலு பேர் முகத்தைப் பார்க்கும், சந்தோஷமாக இருக்கும் என்றுதான் அனுப்பினேன். அதன் மேல் கை வைத்தான், அடித்தேன். பரீட்சைக்காக அடிக்கவில்லை.

டி.சி.யை வாங்கிவிடுங்கள். நான் வந்து பார்த்துக்கொள்கிறேன்.

அப்பா


கருவேலங்குளம்
14.02.2024

அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை மஞ்சு படித்தாள். நான் ஒளித்து வைக்க நினைத்தேன். அவள் கேட்டாள், கொடுத்துவிட்டேன். அவளுக்குப் படிக்கத் தெரியும் என்பது எழுதும்போது உங்களுக்குத் தோன்றவில்லை என்று நினைக்கிறேன்.

அவள் அழவில்லை. செல்லதுரை சாரும் என்னிடம் இதைத்தான் கேட்டார் என்று நான் அவளுக்குச் சொல்லவில்லை. அவர் ராடால் அடிபட்டவர், நீங்கள் அடித்தவர். இருவரும் நினைத்தது ஒன்றே. பிறகு எதற்கு அப்பா அவ்வளவு ரத்தம்?

திங்கட்கிழமை செல்லதுரை சார் கையைக் கழுத்தில் கட்டிய துணித் தொட்டிலில் போட்டுக்கொண்டு பள்ளிக்கு வந்தார். டி.சி. வாங்க அம்மாவை வரச் சொல்லியிருந்தார். மஞ்சு தானும் வருவேன் என்றாள், நான் கூட வரக் கூடாது என்றாள். வாக்கர் இல்லை. நம் தெரு வெள்ளைச்சாமியின் ஆட்டோவில் பள்ளி வாசல்வரை போய், அங்கிருந்து அம்மா தோளைப் பிடித்து நடந்திருக்கிறாள். நான் வகுப்பில் இருந்தேன். இனி எழுதுவது அம்மா சொன்னது, கொஞ்சம் நான் கதவு வழியாகப் பார்த்தது.

அவர் அறைக்குள் போனதும் அம்மா தோளை விட்டுவிட்டு சுவரைப் பிடித்து நின்றாள். பேசினாள். அவருக்குப் புரியவில்லை. அம்மாவைப் பார்த்தார். அம்மா சொல்ல வாயெடுத்தது, மஞ்சு அம்மா கையைத் தட்டிவிட்டாள். மறுபடி சொன்னாள். புரியவில்லை. கால் மடங்கி விழுந்தாள். நாற்காலி முனையில் புருவம் கிழிந்தது. தூக்க வந்த பியூனை உதைத்தாள். சுவரைப் பிடித்து எழுந்து மறுபடி சொன்னாள். முதல் பீரியட் முடிந்து இரண்டாவது தொடங்கிவிட்டது. நான் தண்ணீர் குடிக்கப் போவதாகச் சொல்லி எழுந்து வந்தேன். அவள் வாயிலிருந்தும் புருவத்திலிருந்தும் ரத்தம் தரையில் சொட்டியிருந்தது. சார் நாற்காலியோடு பின்னால் நகர்ந்து சுவரில் ஒட்டிக்கொண்டிருந்தார். நீங்கள் ராடோடு நின்றபோது அவர் முகத்தில் இருந்த பயம் அப்போதும் இருந்தது. அவள் கையில் எதுவும் இல்லை.

கடைசியில் அவர்தான், அவள் சொன்னதைத் திருப்பிச் சொன்னார். சரியா என்று கேட்பது போல ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். "பேர... எடுத்தீங்கன்னா... தெனம் வந்து... இங்கயே நிப்பேன்."

மஞ்சு தலையாட்டினாள்.

கையெழுத்துப் போட்டார் அப்பா. வலது கை வராது, இடது கையால் போட்டார். எழுத ஆசிரியர் கேட்டு மனுவும் அனுப்பிவிட்டார். இவர்கள் கிளம்பும்போது அம்மாவிடம், "அது எழுதட்டும். ஆனா ஒம் புருசன நான் வுட மாட்டேன்" என்றார். அம்மா முந்தானையால் தரையில் இருந்த ரத்தத்தைத் துடைத்துவிட்டு வந்தது.

உங்கள் ஜாமீன் மனு வரும்போது அவர் எதிர்ப்பார். இதைச் செய்தது நாங்கள்தான்.

வெற்றிச்செல்வி


ஜெயில்
25.02.2024

வெற்றிச்செல்விக்கு,

ஜாமீன் தள்ளுபடி. சந்தோஷமா?

மூன்று பொம்பளைகளும் சேர்ந்து என்னை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டீர்கள். உங்களுக்காக அடித்தவன் நான். என் சொல் அந்த வீட்டில் எடுபடவில்லை. உன் புத்தகத்தை எல்லாம் நானே கிழித்திருக்க வேண்டும். வெளியே வந்தால் முதல் அறை உனக்குத்தான்.

அந்த நான்கு பேரில் ஒருவனை நேற்று நான் தனியாகப் பிடித்தேன். இனி என் பக்கம் வரமாட்டார்கள். இப்படித்தான் இங்கே உயிரோடு இருக்க வேண்டியிருக்கிறது. உனக்கு எழுதக் கதை கிடைத்தது.

இனி கடிதம் போடாதே.

அரியமுத்து


கருவேலங்குளம்
05.04.2024

அப்பாவுக்கு,

போடாதே என்றீர்கள். இவ்வளவு நாள் போடவில்லை. நேற்று அறிவியல் பரீட்சை முடிந்தது, அதை உங்களுக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கோபம் தீரவில்லை என்றால் கிழித்துவிடுங்கள்.

பக்கத்து ஊரில்தான் தேர்வு மையம். மஞ்சுவுக்குக் கீழ்த்தளத்தில் தனி அறை. அது என் ஹாலுக்கு அடுத்த அறை, நடுவில் ஒரு சுவர், அதுவும் மேலே கூரைவரை போகாத சுவர். எழுத வந்தவர் வேறு பள்ளியைச் சேர்ந்த சத்யப்பிரியா டீச்சர்.

முதல் நாள் தமிழ்ப் பரீட்சையில் அவருக்கு மஞ்சு சொன்னது எதுவும் புரியவில்லை. இவள் சொல்ல, அவர் விழிக்க, நேரம் போயிற்று. இவள் தன் வாயில் தானே அறைந்துகொள்ள ஆரம்பித்துவிட்டாள். அந்தச் சத்தம் எங்கள் ஹாலில் எல்லாருக்கும் கேட்டது. உதடு பிரிந்து விடைத்தாளில் ரத்தம் பட்டது. மையத்தின் முதன்மைக் கண்காணிப்பாளர் வந்து, இதை நிறுத்திவிடலாம், பிள்ளைக்கு உடம்பு முடியவில்லை என்று எழுதிவிடலாம் என்றார். டீச்சரின் குரல் கேட்டது: "முடிக்கட்டும் சார். ரத்தம் எம் பொடவைல பட்டா நான் தொவைச்சுக்கறேன்." அன்று பாதிக்கு மேல் எழுத முடியவில்லை. வெளியே வந்தபோது டீச்சரும் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். மஞ்சுவைப் பார்த்து, அடுத்த பரீட்சைக்குச் சீக்கிரம் வா, நான் உன் பேச்சைப் படிக்க வேண்டும் என்றார். கணக்குப் பரீட்சைக்குள் இருவருக்கும் பழகிவிட்டது.

ஆனால் மஞ்சுவின் குரல் சின்னதாகாது. தெளிவாகச் சொல்ல வேண்டும் என்றால் அவள் கத்த வேண்டும், உங்களுக்குத் தெரியும். நேற்று அவள் சொன்ன ஒவ்வொரு விடையும் சுவரைத் தாண்டி எங்கள் ஹாலில் விழுந்தது. பையன்கள் முதலில் சிரித்தார்கள். கொஞ்ச நேரத்தில் சிரிப்பு நின்றது. அவள் சொல்வது சரியான விடை என்று ஒவ்வொருவருக்காகத் தெரிய ஆரம்பித்தது. மின்தடை, அமிலம், டி.என்.ஏ. எல்லாம் சரி. எங்கள் ஹால் மேற்பார்வையாளர் ஓடிப்போய்ச் சொன்னார். கதவைச் சாத்தினார்கள், குரல் மேலே கூரை வழியாக வந்தது. சத்தத்தைக் குறைக்கச் சொல் என்று யாரோ அதட்டினார்கள். "கொரலே அதாங்க" என்றார் டீச்சர். சமூக அறிவியலுக்கு அவளைச் சத்துணவுக் கூடத்தில் உட்கார வைக்கப்போகிறார்களாம்.

அப்போது ஒரு கேள்வி. உடம்பின் சமநிலையைக் காப்பது மூளையின் எந்தப் பகுதி? சிறுமூளை. நான் எத்தனையோ முறை அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அவள் உடம்போடு சம்பந்தப்பட்ட விஷயம் அது. அவள் கத்தினாள்: முகுளம்.

ஹால் முழுக்கப் பேனா ஓடும் சத்தம் கேட்டது. எனக்குப் பின்னால் இருந்த மூன்று பையன்கள் சிறுமூளையை அடித்துவிட்டு முகுளம் என்று எழுதியதாக வெளியே வந்து சொன்னார்கள். அதில் ஒருவன் போன வருஷம் அவள் வாக்கரை மறைத்து வைத்தவன்.

அப்பா, எனக்கு நாக்கு நுனியில் வந்துவிட்டது. அவள் வகுப்பில் தப்பாகச் சொன்னால் நான் பெஞ்சிலிருந்தே திருத்திவிடுவேன், அது எனக்கு மூச்சு விடுவது போல. இருமினால்கூடப் போதும், அவள் புரிந்துகொள்வாள். நான் என் கையைக் கடித்தேன். டீச்சர் எழுதி முடித்து அடுத்த கேள்வியைப் படிக்கும்வரை பல்லை எடுக்கவில்லை. தடம் இன்னும் நீலமாக இருக்கிறது.

வெளியே வந்ததும் அவளிடம் சொன்னேன். "வாசல் தாண்டுறப்பவே ஞாபகம் வந்துருச்சு" என்றாள். எனக்குக் கேட்டதா என்று கேட்டாள். கேட்டது என்றேன். ஏன் சும்மா இருந்தாய் என்று கேட்பாள் என்று நினைத்தேன். அவள் ஆட்டோவில் ஏறி, காலைத் தூக்கி உள்ளே வைத்துக்கொண்டு, "போனாப் போவுது. அது என் தப்பு" என்றாள். வீடு வரும்வரை அதை இரண்டு மூன்று முறை சொல்லிச் சிரித்துக்கொண்டாள்.

பாஸாவாளா என்று இன்னமும் எனக்குத் தெரியாது. தமிழில் பயமாக இருக்கிறது. அவளால் நம் பள்ளிக்கு நூறு போகலாம். செல்லதுரை சார் மறுபடி எங்கோ எழுந்து நிற்க வேண்டி வரலாம். அதை நினைத்தால் எனக்குச் சந்தோஷமாக இல்லை.

அம்மா உங்களைப் பார்க்க வரும். இந்த முறை நானும் வருவேன். அறைவதானால் கம்பிக்கு வெளியே நிற்கிறேன், கை எட்டாது.

வெற்றிச்செல்வி


ஜெயில்
19.04.2024

மஞ்சுவுக்கு,

இதைச் செல்வி படித்துக் காட்ட வேண்டாம். நீயே படி.

இத்தனை கடிதம் எழுதினேன், ஒன்றில்கூட உன் பெயரை மேலே போடவில்லை. உனக்காக அடித்தேன் என்று போலீஸில் சொன்னேன், வக்கீலிடம் சொன்னேன், இங்கே இருப்பவனிடம் எல்லாம் சொன்னேன். உன்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்றைக்கு நீ என் முன்னால்தான் கிடந்தாய். தூக்கியிருக்கலாம்.

நீ பாஸாக மாட்டாய் என்று நான் எழுதியதை நீ படித்துவிட்டாய். அதை இனி அழிக்க முடியாது. ராடால் அடித்ததற்கு எனக்கு இன்னும் வருத்தம் வரவில்லை, பொய் சொல்ல மாட்டேன். அந்தத் தாளில் எழுதியதற்கு வருகிறது.

கேஸ் நடக்கும். எத்தனை வருஷம் என்று தெரியாது.

நீ முகுளம் என்று கத்தியதைப் பக்கத்தில் படுத்திருப்பவனிடம் சொன்னேன். அவனுக்கும் எனக்கும் முகுளம் என்றால் என்ன என்று தெரியாது. செல்வியிடம் கேட்க மாட்டேன். உனக்கு இடது கையால் எழுத வரும், நேரமாகும். நேரமானால் என்ன, நான் எங்கேயும் போகப்போவதில்லை. சிறுமூளை என்ன செய்யும், முகுளம் என்ன செய்யும் என்று எனக்கு எழுது. தப்பாக இருந்தாலும் நான் அதையே வைத்துக்கொள்கிறேன்.

அப்பா